தோட்டத்து வானத்தில் நீள்வட்ட விண்மீன் மண்டலம்: புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்களுக்கு

தொலைநோக்கி வாங்கிய கையோடு எல்லாரும் தேடிப் போவது சுருள் வடிவ விண்மீன் மண்டலத்தைத்தான். பாடப்புத்தகத்திலும் காலண்டரிலும் வருவது அதுதானே. கைகளை விரித்துக்கொண்டு, நீலமும் இளஞ்சிவப்புமாக. கண்வில்லையில் குனிந்து பார்த்தால் கையும் இல்லை, நிறமும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அதுவும் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தோடு. அப்புறம் தொலைநோக்கி அலமாரிக்கு மேலே ஏறிவிடும்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு வானம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் நீள்வட்ட மண்டலத்தைப் பாருங்கள். சுருள் கை இல்லை, பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் ஒதுக்கிவிடும் வகை இது. நம் வானத்துக்குப் பொருந்துவது இதுதான். காரணம் இரண்டு. இதன் ஒளி நடுப்பகுதியில் திரண்டு நிற்கும். பட்டண வெளிச்சம் ஓரங்களைத் தின்றுவிட்டாலும் நடு தப்பித்துக்கொள்ளும். சுருள் மண்டலத்தின் ஒளியோ பரந்து கிடப்பது. கொஞ்சம் வெளிச்சம் வந்தாலே கரைந்துவிடும். இரண்டாவது, நீள்வட்ட மண்டலத்தைப் பெரிய தொலைநோக்கியில் படம் எடுத்தாலும் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் உள்ள ஓர் ஒளித்திட்டுதான் வரும். நீங்கள் கண்ணால் காண்பதும் அதே. ஏமாற்றத்துக்கு இடமில்லை.

பார்க்கப் போகும் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. எட்வின் ஹபிள் 1926இல் விண்மீன் மண்டலங்களை வடிவத்தை வைத்துப் பிரித்தபோது நீள்வட்ட வகைக்கு ஈ என்ற எழுத்தும், அதன் தட்டைத்தன்மைக்கு 0 முதல் 7 வரை ஓர் எண்ணும் கொடுத்தார். ஈ0 என்றால் வட்டம். ஈ7 என்றால் நன்றாக நசுங்கியது. கணக்கு எளிது: நீளம் 10 பங்கு, அகலம் 7 பங்கு என்றால் ஈ3. இவற்றில் இருப்பவை பெரும்பாலும் வயதான, மஞ்சள் கலந்த சிவப்பு விண்மீன்கள். புதிய விண்மீன் பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயுவும் தூசும் மிகக் குறைவு. விண்மீன்கள் ஒரே தட்டில் ஒரே திசையில் சுற்றாமல், ஆளுக்கொரு பாதையில் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன.

எந்த மாதம், எத்தனை மணி

நமக்கு எளிதில் எட்டக்கூடிய பெரிய நீள்வட்ட மண்டலங்கள் கன்னி ராசியில் கொத்தாக இருக்கின்றன. கன்னிக் கொத்து என்றே பெயர். சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரம். அதில் நாம் குறிவைக்கப் போவது எம்87 என்ற மண்டலம்.

பீடோங்கில் எம்87 உச்சிக்கு வரும் நேரம் ஏறக்குறைய இப்படி: பிப்ரவரி நடுவில் அதிகாலை நான்கு மணி தாண்டி, மார்ச் நடுவில் இரண்டே கால், ஏப்ரல் நடுவில் நள்ளிரவு பன்னிரண்டே கால், மே நடுவில் இரவு பத்தே கால். ஜூன் நடுவில் இருட்டும்போதே உச்சியைத் தாண்டியிருக்கும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நம் ஊரில் பொழுது சாய்வதே ஏழரை மணிக்கு. முழு இருட்டு இறங்க எட்டே முக்கால் ஆகிவிடும். அதற்கு முன்னால் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

கைப்பேசி இல்லாமலே நேரம் பார்க்க ஒரு வழி உண்டு. தெற்கே தென்சிலுவையைப் பாருங்கள். அது சாயாமல் நேராக நிமிர்ந்து நிற்கிற நேரத்தில் எம்87 உங்கள் தலைக்கு மேல், உச்சியிலிருந்து ஏழு டிகிரி போல வடக்கே தள்ளி இருக்கும். சிலுவையின் தலை நட்சத்திரமும் எம்87ம் வானத்தில் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே உச்சத்தைத் தொடும். சிலுவை இடப்பக்கம், அதாவது கிழக்கே சாய்ந்திருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்துவிட்டால் கடந்துவிட்டது.

வானிலையில்தான் சிக்கல். கெடாவில் ஆண்டின் தொடக்கம் வறட்சிக் காலம். பிப்ரவரி, மார்ச்சில் வானம் நல்லது, நேரம் கெட்டது. மே, ஜூனில் நேரம் நல்லது, வானத்தை நம்ப முடியாது. ஏப்ரலில் சாயங்காலம் இடியும் மழையும் கொட்டிவிட்டு நடுராத்திரிக்கு மேல் பளிச்சென்று திறக்கும் இரவுகள் உண்டு. மழை கழுவிய அந்த வானத்தில் தூசும் புகையும் இருக்காது. அதை விட்டுவிடாதீர்கள். அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் எரிக்கிற நாட்களில் வெளியே போய்ப் பயனில்லை.

பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. மாசி, பங்குனியில் கித்தா மரம் (ரப்பர் மரம்) இலை கொட்டிவிடும். மற்ற மாதங்களில் கூரை போட்டது போல் மூடியிருக்கும் தோட்டம் அப்போது கிளைகளுக்கு நடுவே வானத்தைக் காட்டும். நெற்றி விளக்கோடு ஐந்து மணிக்குக் காட்டுக்குள் நுழையும் நேரத்தில் கன்னி ராசி உச்சியைத் தாண்டி மேற்கே இறங்கத் தொடங்கியிருக்கும். ஆறு மணி வரை வானம் கறுப்பாகவே இருக்கும். பால் குறைந்து வேலையும் குறைகிற அந்த வாரங்களில் ஒரு பைனாகுலர் கையில் இருந்தால் போதும்.

நிலவு விஷயத்தில் பஞ்சாங்கமே வழி சொல்கிறது. பங்குனி உத்திரம் என்பது பங்குனிப் பௌர்ணமி நிலவு உத்திர நட்சத்திரத்தின் அருகே வரும் நாள். சித்ரா பௌர்ணமியில் நிலவு சித்திரை நட்சத்திரத்தின் பக்கம். நாம் தேடும் மண்டலங்கள் இருப்பதும் அந்த வட்டாரத்திலேயே. ஆகவே அந்த இரண்டு இரவும் கோவிலுக்குப் போங்கள். தொலைநோக்கி உறையிலேயே இருக்கட்டும். பௌர்ணமி கழிந்து நாலைந்து நாள் ஆனால் முன்னிரவில் நிலவு இராது. அன்று தொடங்கி அமாவாசை தாண்டி மூன்று நாள் வரை நல்ல காலம்.

எங்கே நிற்பது

பீடோங்கிலிருந்து தெற்கே சுங்கைப்பட்டாணியின் வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாக ஏறியிருக்கும். வடமேற்கே குனோங் ஜெராய் மறைக்கும். நமக்குத் தேவை உச்சி வானம் என்பதால் இரண்டும் பெரிய தொல்லை இல்லை. தொல்லை தருவது பக்கத்தில் இருக்கும் விளக்குதான்: லயத்து முனையில் உள்ள தெருவிளக்கு, ஆலையின் ஒளிவெள்ளம், திடலைச் சுற்றிப் போட்ட விளக்குகள். அவை நேராகக் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைத்தால்கூடப் போதும்.

வளர்ந்த செம்பனைக்கு நடுவே வானம் கிடைக்காது. மறுநடவு செய்த பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். கன்றுகள் இடுப்பளவு இருக்கும் வரை அங்கே நாலாபுறமும் திறந்த வானம். ஆனால் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்காமல் போகக் கூடாது. இரவில் டார்ச் லைட்டோடு ஆட்கள் நடமாடினால் திருட்டுக் குலை வெட்ட வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் அவருக்கே முதலில் நிலவையோ சனியையோ காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு கேட்டைத் திறந்துவிடுகிறவர் அவர்தான்.

எலி இருக்கும் செம்பனைக் காட்டில் பாம்பு இருக்கும். பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் பக்கம் நிற்காமல் செம்மண் சாலையிலேயே கருவியை வையுங்கள். கொசுவத்தியைக் காற்று போகும் பக்கமாக, தொலைநோக்கிக்குத் தள்ளி வைப்பது நல்லது. புகை குழாய்க்கு முன்னால் வந்தால் படம் ஆடும். தனியாகப் போக வேண்டாம்.

கருவி

அடர்ந்த இருட்டில் 10×50 பைனாகுலரிலேயே எம்87 தெரியும், மங்கிய பஞ்சு போல. பட்டணத்தின் ஓரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு 15 அல்லது 20 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி, அதாவது கையால் தள்ளித் திருப்பும் எளிய வகை, போதுமானது. இந்த இரண்டு அளவிலும் பெரும்பாலும் குவிதூரம் 1,200 மில்லிமீட்டர் இருக்கும். அதில் 25 மி.மீ. கண்வில்லையைப் போட்டால் 48 மடங்கு உருப்பெருக்கமும், ஒரு டிகிரி அகல வானமும் கிடைக்கும். நிலவின் அகலம் அரை டிகிரி. ஆகவே இரண்டு நிலவு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இடம். தேடுவதற்கு இதுதான். 10 மி.மீ. வில்லை, அதாவது 120 மடங்கு, பொருள் நடுவில் வந்த பிறகு போடுவதற்கு. பெட்டியின் மேல் 500 மடங்கு, 600 மடங்கு என்று அச்சடித்து விற்கும் மெல்லிய முக்காலிக் கருவிகளை வாங்காதீர்கள். விண்மீன் மண்டலத்துக்கு வேண்டியது கண்ணாடியின் அகலம், உருப்பெருக்கம் அப்புறம்தான்.

ஏர்கான் அறையில் வைத்திருந்த தொலைநோக்கியை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் வராந்தாவில் வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். டார்ச் லைட்டின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிவிடுங்கள்.

வானத்தில் வழி

மூன்று நட்சத்திரங்களை முதலில் பிடியுங்கள். மூன்றும் நமக்குப் பெயரளவில் பழக்கமானவை: உத்திரம், சித்திரை, சுவாதி. சிம்ம ராசியின் வால் முனையில் இருப்பது உத்திரம். ஆரஞ்சு நிறத்தில் மூன்றிலும் பிரகாசமாக இருப்பது சுவாதி. வெண்ணீலமாக இருப்பது சித்திரை. மூன்றும் சேர்ந்து பெரிய முக்கோணம் ஒன்றைப் போடும்.

உத்திரத்துக்கும் சுவாதிக்கும் இடையே மனத்தில் ஒரு கோடு இழுத்து அதன் நடுவில் நில்லுங்கள். அங்கிருந்து சித்திரையின் பக்கமாக ஆறேழு டிகிரி இறங்குங்கள். கையை முழுக்க நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் அந்த அகலம் ஐந்து டிகிரி. அதைவிடச் சற்று அதிகம். அங்கே சுமாரான பிரகாசத்தில் தனியாக ஒரு நட்சத்திரம் நிற்கும். பெயர் வின்டமியாட்ரிக்ஸ். இந்தப் பெயரை மறந்தாலும் பரவாயில்லை, இடத்தை மறக்காதீர்கள்.

இப்போது உத்திரத்துக்கும் வின்டமியாட்ரிக்ஸுக்கும் சரிபாதியில் குறிபார்க்க உதவும் ஃபைண்டரின் சிவப்புப் புள்ளியை வையுங்கள். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் இருக்காது. 25 மி.மீ. வில்லையில் பாருங்கள். குறி சரியாக இருந்தால் இரண்டு மங்கலான திட்டுகள் ஒரே வட்டத்துக்குள், நிலவின் பாதி அகலத்துக்குச் சற்று அதிக இடைவெளியில் தெரியும். எம்84, எம்86. தெரியவில்லை என்றால் குழாயை மெதுவாக, ஒரு நேரத்துக்கு அரை வட்டம் என்ற கணக்கில் சுற்றிலும் நகர்த்தித் தேடுங்கள்.

ஒரு தொல்லை உண்டு. டாப்சோனியன் கருவியை நேர் உச்சியை நோக்கித் திருப்பினால் பக்கவாட்டில் தள்ள முடியாமல் மக்கர் பண்ணும். ஐரோப்பாவில் இந்த மண்டலங்கள் அவ்வளவு உயரம் ஏறாததால் அங்கே எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பற்றி அதிகம் இருக்காது. நமக்கோ கன்னி ராசி தலைக்கு மேலேயே வந்துவிடும். அதனால் உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள். அப்போது அறுபது டிகிரி உயரத்தில் இருக்கும். காற்றும் தெளிவு, கழுத்தும் பிழைக்கும்.

கண்ணைப் பழக்குதல்

இருட்டுக்குப் போய் இருபது முப்பது நிமிடம் கழிந்தால்தான் கண் முழுத் திறனுக்கு வரும். நடுவில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து. மாணவர்களோடு போகும்போது இதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தொண்டை கட்டும்.

அடுத்தது, ஓரக்கண் பார்வை. மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் அடர்த்தி. எனவே பொருளையே உற்றுப் பார்த்தால் அது மறையும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் எழும். திடலில் ஒரு பையன் கண்வில்லையில் குனிந்துவிட்டு, "ஒண்ணுமே இல்ல சார், வெறும் கறுப்பு" என்றான். "வட்டத்தோட ஓரத்தப் பாரு, நடுவப் பாக்காத." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ரெண்டு இருக்கு சார்... பாத்தா ஓடிப்போவுது." அவ்வளவுதான், பார்த்துவிட்டான். குழாயை விரலால் லேசாகத் தட்டுவதும் உதவும். அசையாமல் நிற்கும் மங்கலைவிட அசையும் மங்கலைக் கண் சீக்கிரம் பிடிக்கும்.

கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்

எம்84, எம்86 கிடைத்துவிட்டால் எம்87ஐத் தேட வேண்டியதில்லை. அது தானாக வரும்.

பூமி சுழல்வதால் மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் வானம் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். எம்84க்குக் கிழக்கே, கொஞ்சம் தெற்காக எம்87 இருக்கிறது. செய்ய வேண்டியது: குழாயை வடக்கே ஒரு மயிரிழை தள்ளுங்கள், வட்டத்தின் எந்த ஓரத்திலிருந்து புது நட்சத்திரம் உள்ளே நுழைகிறதோ அதுவே உங்கள் பார்வையில் வடக்கு. டாப்சோனியன் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டுவதால் இந்தச் சோதனை அவசியம். இப்போது எம்84 வட்டத்தின் நடுவுக்கும் வட ஓரத்துக்கும் இடையே பாதியில் நிற்கும்படி வைத்துவிட்டுக் கையை எடுங்கள். எம்84 நகர்ந்து வெளியே போகும், பின்னாலேயே எம்86 போகும். ஆறு நிமிடத்துக்குள் வட்டத்தின் தென்பாதியில், வட்டமான, நடுவில் நன்றாகத் திரண்ட ஓர் ஒளித்திட்டு நடுவாக்கில் வந்து சேரும். எம்87.

அது போய்விடுவதற்குள் 10 மி.மீ. வில்லைக்கு மாறுங்கள். நடு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது, ஒளி எங்கே வானத்தோடு கலக்கிறது என்று பாருங்கள். உங்கள் கண்ணுக்கு அதற்கு ஓர் எல்லைக்கோடு கிடைக்காது. அப்படிக் கிடைக்காததே சரியான பார்வை.

பார்த்தது என்ன

சார்ல் மெசியே 1781 மார்ச் 18 இரவில் பாரிசிலிருந்து இதைக் குறித்துக்கொண்டார். வால்நட்சத்திரம் தேடுவது அவர் வேலை. வாலில்லாத வால்நட்சத்திரம் போல் ஏமாற்றும் மங்கல்களை ஒதுக்குவதற்காகப் பட்டியல் போட்டார். எம் என்ற எழுத்து அவருடையதே. எம்84 முதல் எம்91 வரை அதே இரவில் எழுதப்பட்டவை. நீங்கள் வைத்திருக்கும் 15 செ.மீ. கருவி அவருடையதற்குச் சளைத்ததில்லை.

அடுத்து 1918. கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்டிஸ், கிராஸ்லி தொலைநோக்கியில் எடுத்த படத்தில் எம்87இன் நடுவிலிருந்து ஒரு நேர்க்கதிர் நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்து எழுதினார். அது என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. மையத்திலிருக்கும் கருந்துளையின் அருகிலிருந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பீறிடும் துகள்களின் தாரை என்பதும், நீளம் சுமார் 5,000 ஒளியாண்டு என்பதும் பிறகு தெரிந்தவை. 1949இல் ஜான் போல்டனும் அவருடைய சகாக்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆராய்ந்து, வானில் ரேடியோ அலைகள் பலமாகக் கிளம்பும் ஓர் இடம் எம்87தான் என்று அடையாளம் காட்டினார்கள். 1994இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, மையத்தைச் சுற்றி வாயுத்தட்டு ஒன்று விநாடிக்கு 550 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதை அளந்தது. 2017 ஏப்ரலில், நிகழ்வெல்லைத் தொலைநோக்கி என்ற பெயரில் உலகின் பல மூலைகளில் உள்ள எட்டு ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்துப் பதிவு செய்ததை ஈராண்டு கணக்குப் போட்டு, 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளை நிழலின் முதல் படத்தை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் எல்லாம் வந்த அந்த ஆரஞ்சு வளையம் இந்த மங்கலின் நட்டநடுவில் இருப்பதுதான். எடை சூரியனைப் போல் 650 கோடி மடங்கு.

தாரையை நம் கருவியில் கண்ணால் பார்க்க முடியாது, ஆசைப்பட வேண்டாம். கேமரா வைத்துப் படம் எடுக்கிறவர்கள் 20 செ.மீ. கருவியிலேயே அதைப் பிடித்திருக்கிறார்கள். நீண்ட நேரம் திறந்து வைத்தால் நடு வெளுத்துப்போய் தாரை மறைந்துவிடும் என்பதால், குறுகிய படங்கள் பலவற்றை எடுத்துச் சேர்க்க வேண்டும்.

சற்று முன் பார்த்த எம்84, எம்86 ஜோடியைப் பற்றியும் ஒன்று. ஒளியைப் பிரித்து நிறமாலையை அளந்தால் எம்84 நம்மைவிட்டு விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் விலகிப் போகிறது. எம்86 240 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. கண்வில்லையில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் போல் இருக்கும் இரண்டின் பாதையும் எதிரெதிர். பிரபஞ்சம் விரிந்தாலும், கொத்துக்குள் அவை ஈர்ப்பினால் அவ்வளவு வேகமாக அலைகின்றன.

அடுத்த இலக்குகள்

எம்87இலிருந்து நேர் தெற்கே நாலரை டிகிரி வந்தால் எம்49. கொத்திலேயே பிரகாசமானது இது. 1771இலேயே மெசியே கண்டுவிட்டார். நேரே பார்க்கலாம், சிரமமில்லை.

எம்60 கிழக்கே இருக்கிறது, வின்டமியாட்ரிக்ஸுக்கு அருகே. 20 செ.மீ. கருவி உள்ளவர்கள் அதன் ஓரத்தில் ஒட்டினாற்போல் மங்கிய துணை ஒன்று தெரிகிறதா என்று சோதிக்கலாம். அந்தத் துணை ஒரு சுருள் மண்டலம். நான் முதலில் சொன்ன வித்தியாசத்தை ஒரே பார்வையில் காட்டும் இடம் அது: நீள்வட்டம் உடனே தெரியும், சுருளுக்குப் போராட வேண்டும்.

என்ஜிசி 4697ஐ நான் விட மாட்டேன். (என்ஜிசி என்பது இன்னொரு பட்டியலின் பெயர்.) கன்னி ராசியின் தென்பக்கத்தில், சித்திரையிலிருந்து வடமேற்கே பத்து டிகிரி தள்ளித் தனியாக இருக்கும். ஸ்டெல்லேரியம் செயலியில் பீடோங்கை இடமாகப் போட்டுத் தேடினால் வழி காட்டும். ஈ6 வகை, நன்றாகத் தட்டையானது, சின்னக் கருவியிலும் நீட்டமாகத் தெரியும். தட்டையாக இருக்கிறதே, வேகமாகச் சுழல்வதால்தான் என்று நீண்ட காலம் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 1975இல் பெர்தோலா, கப்பாச்சியோலி என்ற இரண்டு இத்தாலிய வானியலாளர்கள் இதன் சுழற்சியை அளந்தபோது, அந்தத் தட்டைக்குத் தேவையான வேகத்தைவிட மிகக் குறைவாக இருந்தது. வடிவத்துக்குக் காரணம் விண்மீன்கள் திசைக்குத் திசை வெவ்வேறு வேகத்தில் ஓடுவதே என்ற பார்வை அங்கிருந்து வலுப்பெற்றது. மண்டலங்கள் மோதி ஒன்றாகும்போது விண்மீன்களின் பாதைகள் கலைந்து இப்படி ஆகிவிடும் என்று அலார் தூம்ரே 1977இல் முன்வைத்த கருத்துக்கும் இது ஒத்துப்போனது.

மோதலின் தடயத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் தெற்கே திரும்புங்கள். சென்டாரஸ் ஏ, என்ஜிசி 5128. தென்சிலுவை நிமிர்ந்து ஒரு மணி நேரம் கழித்து, அதற்குக் கிழக்கே, நேர் தெற்கில், ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டம்) வெறுங்கண்ணுக்கே மங்கிய நட்சத்திரமாகத் தெரியும். அங்கிருந்து நேர் வடக்கே நாலரை டிகிரி. நமக்கு நாற்பது டிகிரி உயரத்தில் நிற்பதால் சுங்கைப்பட்டாணி வெளிச்சத்துக்கு மேலேயே இருக்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இது எழுவதே இல்லை. வட்டமான ஒளித்திட்டின் நடுவே இருட்டுப் பட்டை ஒன்று குறுக்கே போகும். விழுங்கப்பட்ட ஒரு சுருள் மண்டலத்தின் தூசு அது. இதை நீள்வட்ட வகையில் சேர்ப்பதா, லென்ஸ் போல் தட்டையான வில்லை வகையில் சேர்ப்பதா என்பதில் வானியலாளர்களிடையே ஒத்த கருத்தில்லை. 1826இல் ஜேம்ஸ் டன்லப் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து கண்டது.

ஆண்டுக் கடைசியில் கன்னி கிடைக்காது. அப்போது எம்32. டிசம்பரில் இரவு எட்டரை மணிக்கு வடக்கே ஆண்ட்ரோமீடா மண்டலத்தைப் பிடித்தால் அதன் மையத்துக்கு அரை டிகிரிக்குள் தெற்கே, குண்டான நட்சத்திரம் போல் ஒட்டிக்கொண்டிருக்கும். 25 லட்சம் ஒளியாண்டுதான், கன்னிக் கொத்தோடு ஒப்பிட்டால் பக்கத்து வீடு. இரண்டாம் உலகப் போரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்கணைத்துக் கிடந்த இரவுகளைப் பயன்படுத்தி வால்டர் பாடே மவுண்ட் வில்சனின் இரண்டரை மீட்டர் தொலைநோக்கியில் எம்32ஐத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் படம் எடுத்தார், 1944இல் வெளியிட்டார். தோட்டத்தில் கரண்ட் போனால் மெழுகுவத்தி தேடுவதற்கு முன் தொலைநோக்கியைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

குறிப்பும் பராமரிப்பும்

ஒரு பயிற்சிப் புத்தகத்தில் வட்டம் போட்டு, பார்த்ததைப் பென்சிலால் தேய்த்து வரையுங்கள். நாள், நேரம், வில்லை, நிலவு, புகை எல்லாம் பக்கத்தில். நீளத்தையும் அகலத்தையும் கண்மதிப்பாக ஒப்பிட்டு ஈ எண்ணைப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் உள்ள எண்ணோடு ஒத்துவராவிட்டால் கவலை இல்லை; வெளிப்புறம் மறைந்திருப்பதால் நமக்கு எல்லாம் கொஞ்சம் வட்டமாகவே தெரியும். தவிர, அந்த எண்ணே நமக்குத் தெரியும் தோற்றத்துக்கு மட்டும்தான். சுருட்டு வடிவ மண்டலம் முனையை நம் பக்கம் திருப்பியிருந்தால் அதுவும் ஈ0தான்.

முடித்துக் கிளம்பும்போது கண்ணாடியில் பனி படிந்திருந்தால் துடைக்காதீர்கள். துணியில் உள்ள மணல் கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும். மூடி போடாமல் வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில், குழாயைப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். காயாமல் மூடினால் நம் ஊர் ஈரத்துக்குச் சில வாரத்திலேயே பூஞ்சை நூல் விடும்; வில்லையில் பிடித்துவிட்டால் போக்குவது கடினம். கண்வில்லைகளை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் ஈரம் ஏறியது பார்த்தவுடனே தெரியும்; எடுத்துச் சட்டியில் மெல்லிய சூட்டில் வறட்டிவிட்டு மறுபடி போடலாம்.